கருமாதிக் கார்டில் ஒரு உ

பத்திரிகை அடிக்கிற கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், ஊரார் வீட்டு நல்லது கெட்டதெல்லாம் சொந்தக்காரர்களுக்கு முன்னால் நமக்குத்தான் தெரியும். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேச்சு வாங்குகிற உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

உ வந்த கதை

மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கடை. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், எதுவானாலும் தலையில் ஒரு உ. அது பிள்ளையார் சுழி என்றார் ஒரு கஸ்டமர். அதெல்லாமில்லை, ஓலையும் எழுத்தாணியும் சரியாக இருக்கிறதா என்று சுழித்துப் பார்த்தது, அப்படியே பழக்கமாகிவிட்டது என்றார் இன்னொருவர். சண்டை முற்றி என் தலை உருண்டது. மிஷின் ஓட்டும் சலீம் பாய் எட்டிப் பார்த்தார். "எங்கூட்டுக் கார்டுல 786 போடுவோம். உங்க கார்டுல உ இல்லாங்காட்டி எனக்கே மிஷின ஓட்டக் கை வராதுக்கா."

உ போடாத கார்டு

கருமாதிக் கார்டுக்கு மட்டும் உ கிடையாது. ஒரு மத்தியானம், கடையில் ஈ காக்கை இல்லை. ஒரு பெரியவர் வந்து ஒரு போட்டோவையும் எழுதிய தாளையும் நீட்டினார். பதினாறாம் நாள் காரியம். போட்டோவைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அதே முகம், அதே நீலக் கட்டம் போட்ட சட்டை. "அண்ணன் தம்பியா சார்?" என்றேன். "நான்தான்" என்றார், ரேஷன் கடையில் பேர் சொல்வது மாதிரி.

தாளில் காரியத் தேதி இருந்தது. அதிலிருந்து பதினாறு நாளை விரல் விட்டுப் பின்னால் எண்ணினேன். வருகிற வியாழக்கிழமையில் வந்து நின்றது. மனுஷன் நாள் குறித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். 'இங்ஙனம்' என்பதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. யார் பேர் போடுவது என்று கேட்டேன். "போட ஆள் இல்லம்மா. அவ போய் ஒரு வருஷமாச்சு. உ மட்டும் போட்டுடாத, தப்பு."

வியாழக்கிழமை

விலாசம் கேட்டேன், தரவில்லை. போன் இல்லை என்றார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வந்து புரூஃப் பார்த்தால்தான் அச்சடிப்போம் என்று அடித்துச் சொல்லி அனுப்பினேன்.

அன்று மணி பன்னிரண்டு. ஆளைக் காணோம். சலீம் பாய் மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றார். பன்னிரண்டரைக்கு அதே நீலக் கட்டச் சட்டையில் உள்ளே வந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், நிழல் விழுகிறதா என்று தரையைப் பார்த்தேன்.

புரூஃபை நீட்டினேன். உச்சியில் கொழுகொழுவென்று ஒரு உ, வேண்டுமென்றே நான் போட்டது. வந்ததே கோபம் அவருக்கு! "ஏம்மா, சாவுக் கார்டுல உ போடுவியா? இதை வெச்சு எனக்குக் காரியம் பண்ணினா ஊர் சிரிக்காது? எடுத்துட்டு வை, நாளைக்கு வரேன்."

நாலு மாசமாக தினம் வந்து திட்டிவிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டுப் போகிறார். கருமாதிக் கார்டிலிருந்து ஒரு உ-வை எடுக்கத் துப்பில்லாதவள் இந்த மயிலாப்பூரிலேயே நான் ஒருத்திதான்.