வக்கீல் சொல்லாத கூலி

எட்டு வயதில் எனக்குச் சாட்சி வேலை. பெருமைக்காகச் சொல்லவில்லை. மலைமேல் எங்கள் அரியூர் நாட்டில் அப்போது கூலி பேசினாலும் மாடு விற்றாலும் எழுதி வைக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. எழுதத் தெரிந்தால்தானே. ஒரு பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, அதன் காதில் விழும்படி தொகையைச் சொல்வார்கள். பிள்ளை மூன்று தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் என்றால் ஒரு கட்டுப் புகையிலைக்கு நாளைக்கே பேச்சு மாறலாம், சின்னதுக்கு அந்தச் சாமர்த்தியம் வராது என்று நினைத்தார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சின்னது நான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு வாங்கும் வியாபாரி ஒருவர், எங்கள் தாத்தா சாவதற்கு முன்பே பள்ளத்து வயலைத் தனக்குக் கிரயம் செய்துகொடுத்துவிட்டதாகக் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டார். சம்மன் வந்தது. மேட்டில் எங்களுக்குச் சாமையும் கேழ்வரகும் விளையும். நெல் விளைவது அந்த ஒரு வயலில்தான். அது போனால் நோம்பி, பண்டிகைக்குக்கூட நெல்லுச்சோறு இல்லையே என்று எனக்குக் கவலை. அம்மாவும் அப்பாவும் அதைவிடப் பெரிய கவலையில் இருந்தார்கள். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மலையிறங்கி, சேந்தமங்கலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ்ஸைப் பிடித்து, நாமக்கல்லில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார்.

அப்படி ஒரு நல்ல மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். எனக்குப் பெப்பர்மிண்ட் கொடுத்தார். அப்பா என்னை முன்னால் தள்ளி, "கூலி என்னன்னு புள்ளைகிட்டச் சொல்லிப்போடுங்க சாமி" என்றார்.

வக்கீல் சிரித்தார். "நமக்குள்ள என்ன கூலி? அப்புறம் பாத்துக்கலாம்."

எங்கள் மலையிலும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொந்தக்காரர்கள். மாமனோ மச்சானோ நம் காட்டில் ஏர் ஓட்டிவிட்டு அப்படிச் சொல்லிப் போவார்கள். கூலி வாங்க மாட்டார்கள். நாமும் ஒருநாள் போய் அவர்கள் காட்டில் ஓட்டிக்கொடுப்போம், அவ்வளவுதான். அப்பா உருகிப்போனார். அன்றைக்கே மனதுக்குள் வக்கீலைச் சொந்தத்தில் சேர்த்துக்கொண்டார். அடுத்த தடவை ஒரு பலாப்பழம் சுமந்துபோனார். அதற்கடுத்து ஒரு புட்டி தேன். வக்கீலும் சொந்தக்காரர் மாதிரியே கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார்.

இதுபோக ஒவ்வொரு நடைக்கும் அவருடைய குமாஸ்தா ஒரு செலவு சொன்னார். ஒருநாள் நகல் எடுக்க, ஒருநாள் ஸ்டாம்புக்கு, ஒருநாள் என்னவென்றே விளங்காத ஒன்றுக்கு. மிளகு விற்ற பணம் போயிற்று. இரண்டு கிடாய் போயிற்று. ரசீது என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. எனக்கு அந்தக் குமாஸ்தாவைத்தான் பிடிக்கவில்லை.

வீடு திரும்பியதும் அம்மா என்னைத்தான் கேட்பாள், வக்கீல் என்ன சொன்னார் என்று. "அப்புறம் பாத்துக்கலாம்னாரு" என்று மூன்று தடவை ஒப்பிப்பேன். நான்காம் நடைக்குப் பிறகும் அதையே ஒப்பித்தேன். அம்மா சாமை குத்திக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை முத்திரைத்தாளில் கைநாட்டு வைக்க வேண்டும் என்று அப்பா சாவகாசமாகச் சொன்னார்.

"அதுல என்னங்க எழுதியிருக்குது?"

"இன்னும் எழுதலே. அப்புறமா அவரே எழுதிக்குவாராம்."

அம்மா உலக்கையைச் சாத்திவைத்தாள். "நாலு நடை போயாச்சு. புள்ள காதுல ஒரு தொகை விழலீங்க. தொகை சொல்லாதவருக்கு வெறுந்தாளு மட்டும் எதுக்குங்க?"

அப்பாவுக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. சொந்தக்காரரைச் சந்தேகப்பட்டால் யாருக்குத்தான் பொறுக்கும். ஆனாலும் ஐந்தாம் நடைக்கு அம்மா எங்களுக்கு முன்னாலேயே மலையிறங்கிவிட்டாள்.

நாங்கள் போனபோது தாள் தயாராக இருந்தது. மேலே ராஜா தலை, கீழே வெறும் வெள்ளை. குமாஸ்தா அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்து மை தடவியாயிற்று. அம்மா குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க சாமி, உங்க கூலி பத்தோ நூறோ, இந்தப் புள்ளைகிட்ட ஒருக்காச் சொல்லிப்போடுங்க. அப்புறம் வெக்கட்டும்."

வக்கீல் இந்த முறையும் சிரித்தார், ஆனால் சீக்கிரமே நிறுத்திக்கொண்டார். "கவுண்டரே, பொம்பளைய எதுக்குக் கூட்டியாந்தீங்க? நம்பிக்கை இல்லாட்டி வேற எடம் பாருங்க" என்றார். நான் மூன்று தடவை சொல்வதற்குத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தேன். தொகை வரவே இல்லை. அப்பா வக்கீலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். கோட்டுப் போட்ட எவரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத மனிதர். மைவிரலை நல்ல வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு, "அப்ப வாரமுங்க" என்றார்.

அதே தெருவில் இன்னொரு வக்கீல் இருந்தார். வயதானவர். நாற்காலியும் தரவில்லை, பெப்பர்மிண்டும் தரவில்லை. அப்பா சொன்னதையெல்லாம் சிடுசிடுவென்று கேட்டுவிட்டு, தன் பீஸ் இவ்வளவு, கோர்ட்டுச் செலவு தனியாக இவ்வளவு, இதற்குமேல் எவன் கேட்டாலும் கொடுக்காதே என்று ஒரே மூச்சில் சொன்னார். தொகையைக் கேட்டு அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் மூன்று தடவை சொன்னேன். அவர் அதைத் தாளில் எழுதி, படித்துக்காட்டி, அதன் பிறகுதான் கைநாட்டு வாங்கினார். முன்பணத்துக்கு நாங்கள் கேட்காமலே ரசீதும் தந்தார். வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. கிரயப் பத்திரம் பொய் என்று ஆகி, வயல் எங்களுக்கே நின்றது.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் மலையேறும்போது இதெல்லாம் யாருக்குத் தெரியும். தப்பித்தோம் என்பது மட்டும் அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். முதல் வக்கீலைப் போல அம்மா சிரித்துக்காட்டினாள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதையிலேயே நின்றுவிட்டார். அவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காசே கேட்காத ஒரு நல்ல மனிதரை விட்டுவிட்டு, அவ்வளவு காசு கேட்கிற சிடுமூஞ்சியிடம் போய் மாட்டிக்கொண்டு வருகிறோமே, இவர்களுக்கு எதற்கு இத்தனை சந்தோஷம் என்று வீடு வரைக்கும் இரண்டு பேரோடும் நான் பேசவில்லை.