அக்கா காத்திருந்த முதல் வெள்ளி

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து இந்த மே மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. அவரது ஆன்மா இளைப்பாறத் திருப்பலி ஒப்புக்கொடுக்க வந்து, இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். மற்றப் பக்கங்களில் அக்காவின் பொறுமையையும் உழைப்பையும் பற்றிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் உண்மை. நான் எழுத வேண்டியது வேறு ஒன்று.

வெயில் தாங்காமல் போய்விட்டார் என்றுதான் துக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னேன். அதன் பிறகு உறவில் ஒரு பேச்சு கிளம்பியது. சாமியார் கையால் நன்மை வாங்கும்வரை தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, தன் பக்தியாலேயே அக்கா உயிரை விட்டார் என்கிறார்கள். சிலர் அதைப் புகழ்ச்சியாகச் சொல்கிறார்கள், சிலர் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு ஓராண்டு நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பழி அக்காவுடையது அல்ல, என்னுடையது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நெல்லித்தோப்பில். அப்பாவுக்கு மில்லில் வேலை. அம்மா இறந்தபோது எனக்கு நான்கு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. நடுவில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அக்காதான் என்னைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டினாராம். எனக்கு அது நினைவில்லை. நினைவு தெரிந்த நாள் முதல் என்னைத் தூக்கியவர், திட்டியவர், தலை வாரிவிட்டவர் எல்லாம் அக்காதான். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஐம்பது வயதை நெருங்கியும் நான் அவருக்குப் பாப்பாதான்.

மில் மூடியதும் அப்பா வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். அக்கா கன்னியர் மடத்தில் ஓஸ்தி சுடும் வேலைக்குப் போனார். பூசையில் நன்மையாகக் கொடுக்கும் அப்பத்தை எங்கள் வீட்டில் ஓஸ்தி என்றுதான் சொல்வோம். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துச் சூடான இரும்புத் தட்டில் ஊற்றி, மேல்தட்டை அழுத்தி, தாள் போல மெல்லிசாகச் சுட வேண்டும். ஆறிய பிறகு வட்ட வட்டமாக வெட்ட வேண்டும். அந்த அறையில் மின்விசிறி போட முடியாது, போட்டால் ஓஸ்தியெல்லாம் பறந்துவிடும். கத்திரி வெயிலிலும் அப்படித்தான். மாலையில் வீட்டுக்கு வரும்போது அக்காவின் ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும், முன்கையில் புதிதாக ஒரு சூட்டுத் தழும்பு இருக்கும். வெட்டியது போக மிஞ்சிய ஓரத் துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவார். எங்கள் சந்தில் இருந்த பிள்ளைகள் எல்லோரும், கோயிலுக்குப் போகிறவர்கள் போகாதவர்கள் என்ற வேறுபாடு இல்லாமல், அதைத் தின்றுதான் வளர்ந்தோம்.

காரைக்காலில் இருந்து அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. பெண்ணைப் பிடித்திருந்தது, தங்கையை மட்டும் கூட்டிவரக் கூடாது என்றார்கள். அக்கா காபி கொடுத்து அவர்களை அனுப்பிவிட்டு, மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. என்னை பி.காம். படிக்க வைத்ததும், என் கல்யாணத்தை நடத்திவைத்ததும் அவர்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு அக்காவைப் புனிதை என்று நினைத்துவிட வேண்டாம். பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். தோளில் இடித்து எழுப்பினால், கண்ணை மூடிக் கேட்டால்தான் மனதில் நிற்கும் என்பார். பூசைக்குத் தாமதமாக வந்து வாசலில் நிற்பவர்களை, அது யாராக இருந்தாலும், அக்காவின் வாய் சும்மா விடாது. வீட்டில் யாரும் இல்லாத அறையில் விசிறி சுற்றினால் அன்று முழுவதும் எங்களுக்கு அர்ச்சனைதான். ஆனால் மே மாதம் வந்தால் அக்கா வேறு ஆளாகிவிடுவார். மாதாவின் வணக்க மாதம் அல்லவா. விடியலில் முதல் பூசை, மாலையில் சந்தில் இருக்கும் மாதா சுரூபத்துக்கு முன்னால் செபமாலை. ஊரே வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, மல்லிகை மலிவாகக் கிடைக்கும் மாதம் என்று சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

நன்மை வாங்கும் நாளில், முந்தின இரவு படுத்ததில் இருந்து வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. இது அம்மா சொல்லிக்கொடுத்தது. திருச்சபை அந்தச் சட்டத்தைத் தளர்த்தி வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும், தண்ணீருக்குத் தடையே இல்லை, நோயாளிகளுக்கு அந்த ஒரு மணி நேரம்கூடக் கட்டாயமில்லை. பங்குச் சாமியாரே இதை அக்காவிடம் எடுத்துச் சொன்னார். சரிங்க சாமி என்று தலையாட்டிவிட்டு அவர் தன் வழக்கத்தையே தொடர்ந்தார். விடியற்காலைப் பூசைக்குப் போகிறவருக்கு அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. ஏழு மணிக்கு வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பதே பெரிய காரியம் ஆயிற்று. கோயில் நின்றுபோனது. வலிக்குக்கூட அழாதவர் அதற்கு அழுதார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளின் வீடுகளுக்கு, நன்மை கொடுக்கச் சாமியார் நற்கருணை கொண்டுவருவார். அக்காவுக்கு மாதம் என்பது அந்த ஒரு நாளாகிவிட்டது. நெல்லித்தோப்பில் முதல் வீடே எங்களுடையது என்பதால் ஆறரை மணிக்கெல்லாம் சாமியார் வந்துவிடுவார். ரத்த அழுத்தத்துக்கு அக்கா சாப்பிட்ட மாத்திரை உடம்பில் இருக்கும் நீரை இறக்கிவிடும் என்றும், வெயில் காலத்தில் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். இது எனக்கு நன்றாகத் தெரியும். மாத்திரைச் சீட்டை வாங்கிப் பையில் வைத்தவளே நான்தான்.

போன ஆண்டு ஏப்ரல் நடுவில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அக்காவை விட்டுவைக்க மனம் இல்லாமல், தவளக்குப்பத்தில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு அழைத்துவந்தேன். வீடு மாறியதால் கோயில் பங்கும் மாறிவிட்டது. புதிய பங்கின் நோயாளிகள் பட்டியலில் அக்காவின் பெயரைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். வண்டியில் போனால் கால் மணி நேரத் தூரம். ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் எனக்கு வேலை, அட்மிஷன் நேரம், ஞாயிற்றுக்கிழமைகூட வரச் சொல்லிவிட்டார்கள். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அக்கா மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை நான் அலுவலகத்தில் இருந்து அப்போதுதான் திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாப்பா, சாமியாரு கிட்ட பேரு குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்க்கா. எத்தினி வாட்டி கேப்ப?"

கேள்வியை நிறுத்துவதற்காக அந்தப் பொய்யைச் சொன்னேன். சொன்னபடி மறுநாளே போய்க் கொடுத்துவிட்டால் அது பொய்யாகாது என்று நினைத்தேன். பிறகு அது என் தலையில் இருந்தே போய்விட்டது.

மே மாத முதல் வெள்ளிக்கிழமை காலையில் நான் எழுந்து வந்தபோது அக்கா வெள்ளைப் புடவை கட்டி, கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிறு மேசையில் வெள்ளைத் துணி, சிலுவையில் பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அதையெல்லாம் ஒவ்வொன்றாக எப்படித்தான் எடுத்து வைத்தாரோ. அந்த மேசையைப் பார்த்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது.

அந்த நொடியில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வரி. மறந்துவிட்டேன் அக்கா, இன்றைக்குச் சாமியார் வர மாட்டார், காபி குடி. திட்டியிருப்பார், அழுதிருப்பார், பிறகு காபி குடித்திருப்பார். நான் வெட்கப்பட்டேன். வருவார் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். சாமியார் நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். பட்டியலில் இல்லாத பெயரை அவர் எப்படி அறிவார்? கோயில் அலுவலகத்தில் இருந்த பெண்மணி நல்லவர். பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு, சாமியார் திரும்பியதும் சொல்லி மதியத்துக்கு மேல் அனுப்புவதாகச் சொன்னார். பள்ளியில் இருந்து எனக்கு அழைப்பு மேல் அழைப்பு. வாசலில் நின்றே அக்காவுக்குப் போன் செய்தேன். சாமியாருக்கு இன்று வேலை அதிகமாம், மதியத்துக்கு மேல்தான் வருவாராம், நீ சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொள் என்றேன். "சரி பாப்பா" என்றார். அந்தச் சரிக்கு என்ன பொருள் என்று பிறந்ததில் இருந்து எனக்குத் தெரியும். தெரிந்தும் பள்ளிக்குப் போனேன்.

அதன் பிறகு நடந்ததை மாடியில் குடியிருக்கும் கலைச்செல்வி சொல்லித்தான் அறிந்தேன். அன்று பத்து மணிக்கு மேல் மின்சாரம் இல்லை. அவர் கீழே இறங்கி வந்து மோர் கொடுத்தார். அக்கா வேண்டாம் என்றார். ஒரு மணிக்கு இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார். அக்காவின் உதடு வெடித்திருந்ததைப் பார்த்து, சாமியார் எப்போது வருவாரோ, நீங்கள் குடியுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். அதற்கு அக்கா சொன்னதைக் கலைச்செல்வி முதலில் என்னிடம் மறைத்தார். நாற்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அழுதுகொண்டே சொன்னார்.

"பாப்பா பேரு குடுக்க மறந்திருப்பா போல. காலைல அவ மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிபோச்சி. ஆனா வருவாருன்னு சொல்லிட்டா இல்ல, எப்படியாச்சும் இட்டாந்துடுவா. நான் பாட்டுக்குக் குடிச்சிட்டேன்னா அவ அலைஞ்சதெல்லாம் வீணாப் பூடும்."

உறவினர்களே, இதைத்தான் நீங்கள் பிடிவாதமான பக்தி என்கிறீர்கள். ஆண்டவருக்காகத் தாகத்தோடு இருக்க அக்காவுக்குத் தெரியும், ஆயுள் முழுவதும் இருந்திருக்கிறார், அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மதியம் அவர் நம்பிக்கொண்டிருந்தது என் சொல்லை.

மூன்றரை மணிக்கு, அந்தக் கோயிலின் உதவிக் குருவான சின்னச் சாமியார் அந்த வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்தார். கலைச்செல்விதான் கதவைத் திறந்தார். அக்கா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார், கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. நினைவில்லாதவருக்கு நன்மை கொடுக்க முடியாது. சாமியார் நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசிச் செபித்தார், ஆம்புலன்ஸை வரவழைத்தார். நற்கருணைச் சிமிழைத் திறக்காமலே கோயிலுக்குத் திருப்பி எடுத்துச் சென்றார். ஆயிரக்கணக்கான பேருக்கு ஓஸ்தி சுட்டுக் கொடுத்த கைகள் மடியில் அப்படியே கிடந்தன என்று கலைச்செல்வி சொன்னார். நான் மருத்துவமனைக்குத்தான் நேராகப் போனேன். கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார் என்று டாக்டர் கேட்டார். தெரியவில்லை என்றேன். அங்கேயும் பொய்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா கண் திறக்காமலே போய்விட்டார்.

ஆசையோடு காத்திருந்ததே நன்மை வாங்கியதற்குச் சமம் என்று சின்னச் சாமியார் பின்னொரு நாள் எனக்கு ஆறுதல் சொன்னார். அக்காவைப் பொறுத்தவரை அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். என் பாவத்தையும் அவரிடமே அறிக்கையிட்டேன், மன்னிப்பு வழங்கினார். எனக்கு அது வந்து சேரவில்லை. செபமாலையை எடுத்தால் இரண்டாவது மணியிலேயே கை நின்றுவிடுகிறது. இந்த வருடம் வணக்க மாதம் தொடங்கியும் மாதாவுக்கு ஒரு முழம் பூ வாங்கிப் போட எனக்குத் தெம்பு இல்லை. காலம் ஆற்றும் என்கிறீர்கள். ஓராண்டு ஆகிவிட்டது, ஆறவில்லை. ஆறும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அக்காவுக்கு உதவிய எல்லோருக்கும் நன்றி சொல்வது என் கடமை. மாதந்தோறும் தவறாமல் வீடு தேடி வந்த நெல்லித்தோப்புச் சாமியாருக்கும், அக்காவை உடன்பிறந்தவர் போல நடத்திய மடத்துச் சகோதரிகளுக்கும், வைத்திக்குப்பத்தில் இருந்து வந்து அழுதுவிட்டுப் போன மீன்காரம்மாவுக்கும், பெட்டி சுமந்த சந்துப் பிள்ளைகளுக்கும் நன்றி. அந்த வெயிலில் வந்த சின்னச் சாமியாருக்கு நன்றி. அவர் தாமதமாக வந்தார் என்று இனி யாரும் பேச வேண்டாம், சொன்ன உடனே வந்தவர் அவர். கலைச்செல்விக்கு, மோருக்கும் இளநீருக்கும், கடைசியில் மறைக்காமல் சொன்ன அந்த வார்த்தைகளுக்கும் நன்றி.

இன்றைய திருப்பலியில் நீங்கள் எல்லோரும் நன்மை வாங்க வரிசையில் நிற்பீர்கள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். ஓராண்டாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். உடம்புக்கு என்ன என்று யாரும் வந்து கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கை