கம்பம் திரும்பாத மதியம்

வடதுருவத்தை ஒட்டிய இனாரி ஏரிக்கரையில் பனிமான் மேய்ப்பவர் சங்கத்தின் ரேடியோ, எலெக்ட்ரீஷியன் ரவ்னாவின் பொறுப்பு. கூரை ஆன்டெனாவும் அவள் செய்ததுதான். திரும்பும் கம்பத்தின் உச்சியில் மூன்று குறுக்குக் கம்பிகள். நடுக்கம்பி பேசும்; சற்று நீளமான பின்கம்பி அலையைத் திருப்பித் தள்ளும்; சற்றுக் குட்டையான முன்கம்பி வாங்கி முன்னே அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி. நீளம் மாறினால் சுருதி மாறும். அதனால்தான், தேவைப்பட்டால் முன்கம்பியைப் பின்கம்பியாக மாற்றிக்கொள்ள, முனைகளை இழுத்துத் தள்ளும்படி வைத்திருந்தாள்.

சங்கத் தலைவர் நீல்லா சிரிப்பார். "கம்பத்தைத் திருப்புனா போச்சு. இழுத்து நீட்ட இது என்ன, மீன் தூண்டிலா?"

அன்று மதியம் கம்பம் பனியில் உறைந்து தெற்கே பார்த்து நின்றுவிட்டது; வடக்கே பேச்சு போகாது. ஏரி நடுவே பனித்தளம் உடைந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவள் தம்பி அந்தே வடக்கு மலையில் இருந்தான். காப்பி குடித்ததும் உறைந்த அந்த ஏரிமேல் பனிவண்டியில் திரும்புவான். மலையில் காப்பி கொதிக்கும்போது மட்டும் ரேடியோவைத் திறந்துவைப்பது அவர்கள் வழக்கம். ஒரு கெட்டில் நேரம்தான் கையில் இருந்தது.

ரவ்னா ஏணியில் ஏறினாள். முனைகளில் பனியைத் தட்டி, தெற்குப் பக்கத்து முன்கம்பியை இரு பக்கமும் நாலு விரற்கடை இழுத்தாள்; வடக்குப் பக்கத்துப் பின்கம்பியை அதே அளவு உள்ளே தள்ளினாள். விரல் மரத்தது. இறங்கி ஓடிப்போய் ரேடியோவில் கூப்பிட்டாள். பதிலே இல்லை.

"நான்தான் சொன்னேனே," என்றார் நீல்லா. இந்தமுறை சிரிக்கவில்லை.

அப்போதுதான் ரவ்னாவுக்கு உறைத்தது: முனையை மட்டும் தட்டினோம், மற்ற இடமெல்லாம் பனி. பனி ஒட்டினால் கம்பி நீண்டதுபோல் சுருதி இறங்கிவிடும்! குட்டையாக்கியும் வடக்குக் கம்பி நீளக்கம்பியாகவே நிற்கிறது.

"அண்ணே, ஏணியப் பிடிங்க!"

வடக்குக் கம்பி முழுவதையும் விறகுக்குச்சியால் தட்டி வெறும் உலோகமாக்கினாள். இறங்கி ஓடி மறுபடி ரேடியோவை எடுத்தாள்.

"அந்தே, ஏரியில எறங்காத. நடுவுல ஒடஞ்சிருக்கு. கேக்குதா?"

கரகரப்பு. பின் தெளிவாக ஒரு குரல்: "கேக்குது அக்கா. ஏன் கத்துற? இன்னும் மலையிலதான் இருக்கேன், இப்பத்தான் கெட்டில எறக்கினேன். ஏரியச் சுத்தி வரேன்."

ரவ்னா அழுதாள், மறைக்கவில்லை. நீல்லா அந்த ஊர் வழக்கப்படி பாலாடைக்கட்டி போட்ட காப்பியை அவள் முன் வைத்தார்.

"அடுத்த கம்பத்துக்கும் இந்த இழுக்கிற முனையே வையி," என்றார்.