வெளுத்துப்போன முட்டைகள்

எங்கள் சித்தி எதையும் நட்டு வளர்க்க மாட்டாள். மம்சாபுரத்தில் அவள் தெருவில் எல்லார் வாசலிலும் முருங்கையோ கறிவேப்பிலையோ நிற்கும். அவள் வாசல் மட்டும் மொட்டையாகக் கிடக்கும். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தால் எட்ட நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவாள். கேட்டால், என் கை ராசியில்லாத கை என்பாள். அந்தக் கைக்கு அப்படிப் பெயர் வரக் காரணம் ஒரு ஆள்காட்டிக் குருவி. அந்தப் பேச்சை ஊரெல்லாம் பரப்பியது என் அம்மா.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். இராஜபாளையத்துக்கு வெளியே ஒரு பேண்டேஜ் பட்டறையில் அம்மாவும் சித்தியும் வேலை பார்த்தார்கள். அம்மாவுக்குத் தொட்டி வேலை. தறியிலிருந்து பழுப்பாக வரும் துணியைப் பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டு வெளுக்க வேண்டும். சித்திக்குக் களத்து வேலை. வெளுத்து அலசிய துணியைக் கம்பிகளில் நீளநீளமாகக் காயப்போட்டு எடுக்க வேண்டும். அப்பா எங்களை விட்டுப் போயிருந்தார். லீவு விட்டால் என்னை வைத்துப் பார்க்க ஆள் இல்லை. நானும் களத்தில்தான் கிடப்பேன்.

அந்தக் கோடையில் களத்து மூலையில், சரளைக் கற்களுக்கு நடுவே, குருவி முட்டையிட்டிருந்தது. கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. சின்னக் குழி, அவ்வளவுதான். சரளையின் நிறத்திலேயே கரும்புள்ளி விழுந்த நான்கு முட்டைகள். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பினால் மறுபடியும் தேட வேண்டும். துணிபோடப் போன சித்தி தெரியாமல் மிதித்திருப்பாள். குருவி கத்திய கத்தலில் கூடையைக் கீழே போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த மூலைக் கம்பியில் யாரும் துணி போடவில்லை. மற்றக் கம்பிகளில் நெருக்கிப் போட்டார்கள்; காய நேரமானது. மேஸ்திரி கேட்டதற்கு, கம்பி துருப்பிடித்துத் துணியில் கறை விழுகிறது என்று எல்லாப் பெண்களும் சேர்ந்து சாதித்தார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் குருவியோடு பேசிக்கொண்டே போவார்கள். "செத்த நேரம் கத்தாம இருட்டி. நாங்க என்ன ஒம் பிள்ளையத் தூக்கிட்டா போறோம்?"

வெயில் ஏற ஏறச் சித்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான்கு குச்சிகளை நட்டு, மேலே கிழிந்த பேண்டேஜ் துணியைக் கட்டி, முட்டைகளுக்கு நிழல் செய்தாள். அம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, பந்தல் போட்டாச்சு. மைக்செட்டு எப்ப வருது?"

"முட்ட வெந்துரும்க்கா. எம்புட்டு வெயிலு."

"இம்புட்டு நாளும் அதுக்கு யாரு பந்தல் போட்டா? அதோட பாடு அதுக்குத் தெரியும், விடுவியா."

இரண்டு பேரும் சொன்னது சரிதான். குருவி பந்தலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தன் வழக்கத்தையும் அது விடவில்லை. களத்து ஓரமாகத் துணி அலசிய தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்கு நடந்து போய், வயிற்றை நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து முட்டைமேல் அமரும். குளித்துவிட்டுத் துவட்டாமல் வருகிறது என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தொட்டியில் வெளுத்து முடிந்து மிஞ்சிய பிளீச்சிங் தண்ணீரை எடுத்துப்போக ஒரு டேங்கர் லாரி வரும். அந்த நாட்களில் அது வராமல் போனது. தொட்டி நிரம்பியதும், தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாய்க்காலில் திறந்துவிடும்படி மேஸ்திரி அம்மாவிடம் சொன்னார். அம்மா திறந்துவிட்டாள். களம் முழுக்க நெடியடித்தது. எனக்குக் கண் எரிந்தது.

அதற்கப்புறம்தான் முட்டைகள் மாறத் தொடங்கின. புள்ளிகள் மங்கின, பழுப்பு வெளிறி, சாயம்போன சட்டை மாதிரி ஆனது. மாங்காய் நிறம் மாறினால் பழுக்கிறது என்றுதானே எனக்குத் தெரியும். "முட்ட பழுத்துருச்சு, குஞ்சு வரப்போவுது" என்று களம் பூராவும் கத்திக்கொண்டு ஓடினேன். இப்போது யாரும் தேட வேண்டியதில்லை. தூரத்திலிருந்து பார்த்தாலே சரளைக்கு நடுவில் வெள்ளையாகத் தெரிந்தன.

எங்களுக்குத் தெரிந்தது காக்கைக்கும் தெரிந்தது. ஒரு காலையில் நாங்கள் போனபோது ஓடுகள்தான் கிடந்தன. குருவி கத்தவில்லை. பந்தலுக்கு வெளியே ஒற்றைக்காலில் நின்றிருந்தது. பெண்கள் கூடிவிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கும் முன்பே சித்தி ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், "நாந்தான். வெள்ளத் துணியக் கட்டி காக்காய்க்குக் காட்டிக் குடுத்துட்டேன். என் கை ராசி அப்படி."

"சொன்னேம்லா, கேட்டியாட்டி?" என்றாள் அம்மா.

அம்மா அதோடு விட்டிருக்கலாம். கல்யாண வீடுகளில், சடங்கு வீடுகளில், யாராவது குழந்தையைச் சித்தியிடம் நீட்டினால் "அவகிட்டயா குடுக்கிய? பாத்து, காக்காய்க்குக் குடுத்துருவா" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். சத்தமாகச் சிரித்தது நான். சித்தியும் சிரிப்பாள். சாகிறவரை அம்மா இதை நிறுத்தவில்லை.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. திருப்பூர், ஈரோடு, கேரளம் என்று வேலை கிடைத்த இடத்தில் இருந்தேன், பிடிக்காதபோது கிளம்பினேன். ஒரு சாயப்பட்டறையில் பிளீச்சிங் தண்ணீர் என் சேலையில் தெறித்து, விழுந்த இடமெல்லாம் வெளுத்துப்போனது. அதைப் பார்த்ததும் குருவியின் நனைந்த வயிறு ஞாபகத்துக்கு வந்தது. அம்மாவின் முதல் திவசத்துக்கு மம்சாபுரம் வந்தபோது சித்தியிடம் சொன்னேன்.

"ஒங்க துணியில்ல சித்தி. அந்த வாய்க்காத் தண்ணி."

சித்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அன்னைக்கே தெரியும். ஓட்டுல நெடியடிச்சிச்சே."

"பொறவு ஏன் நாந்தான்னு சொன்னிய?"

"தொறந்துவிட்டது யாரு? ஒங்கம்மைக்குத் தெரிஞ்சா மறுநா தொட்டியத் தொடுவாளா? தொடலன்னா வேல போயிரும். ஒன்னயும் வச்சுக்கிட்டு எங்க போவா?"

"சரி, அதுக்குப் பொறவாது ஒரு செடி வச்சிருக்கலாமே."

"வைக்கத்தான் நெனைப்பேன். அவ சொல்லிச் சொல்லி எனக்கே அப்படி ஆயிப்போச்சு. கை போவமாட்டேங்கு."

அன்று ஓடுகளைக் கூட்டி அள்ளிய பிறகு நடந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. மத்தியானம் அம்மா வழக்கம்போலத் தொட்டியைத் திறக்கப் போனாள். நான் வாய்க்காலில் காகிதக் கப்பல் விட ஓடினேன். சித்தி பின்னாலேயே வந்து என்னை இழுத்து, மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். விளையாட விடமாட்டேன் என்கிறாள் என்று எனக்கு ஆத்திரம். அந்தக் கையை ரத்தம் வரக் கடித்துவைத்தேன்.