கடைக்க மாலை

அந்த மாங்கா மாலையின் கொக்கி கொஞ்சம் முரடு. நகத்தால் நெம்பினால்தான் திறக்கும். நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த நகைக்கடையில், காலையில் அதை அக்காவின் பிடரியில் மாட்டிவிடுவது என் பொறுப்பு. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. கழுத்து மாலைகள் விற்கிற பிரிவில் எனக்கு மூத்தவள், கோட்டாற்றிலிருந்து நடந்தே வருவாள். விற்கிற பெண்கள் கடை நகையைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், சாயங்காலம் கழற்றித் தட்டில் வைத்துவிட வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். கழுத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் வாங்குவார்கள் என்பார். அது உண்மைதான்.

மாலைக்கு அடியில் அக்காவுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு கறுப்புக் கயிறு. வேலை பார்க்கிறவர்களுக்குச் சேதாரம் இல்லாமல் நகை தருவார்கள். நாங்கள் எல்லோரும் விழுந்தடித்து வாங்கினோம். அவள் வாங்கவில்லை. கையில் பணம் இல்லாமல் இல்லை. சம்பளத்தில் வீட்டுக் கூரையை மாற்றினாள், கிணற்றுக்கு மோட்டார் வைத்தாள். மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சம்மந்தித் துவையலும்தான். தலைக்குப் பூக்கூட வாங்க மாட்டாள். நாள் முழுக்கத் தங்கத்தை ஆகா ஓகோவென்று சொல்லி விற்கிறவளுக்கு அது எப்படி வேண்டாமல் போகிறது என்று கேலி செய்வோம்.

"விக்கது எனக்க சோலி. போட ஆச இல்லன்னா என்ன செய்ய மக்கா?" என்பாள்.

அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையனின் அம்மா நகை வாங்க வந்தவர்போலக் கடைக்கே வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பிறகு பையனும் வந்து வாசலில் நின்று பேசினான். அவனைப் பிடித்திருக்கிறது என்று அக்கா என்னிடம் வாய்விட்டே சொன்னாள். அந்த வாரம் பிச்சிப்பூ வாங்கி வைத்தாள்.

பெண் பார்க்க வந்த அன்று நானும் அவள் வீட்டில் இருந்தேன். கறுப்புக் கயிற்றோடுதான் காப்பி கொண்டுவந்தாள். அந்த அம்மா கழுத்தையே பார்த்துவிட்டு, கடையில் கிடந்த மாலை எங்கே என்று கேட்டார்.

"அது கடைக்க மாலையாக்கும்."

முறுக்கைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

மறுநாள் அவள் வழக்கம்போல என் முன்னால் குனிந்து நின்றாள். அந்த ஒரு நாளைக்கு மட்டும் கடையில் இரவல் கேட்டிருக்கலாமே என்றேன். பிறகு வாழ்கிற நாளெல்லாம் இரவல் கேட்க வேண்டுமே என்றாள். அதற்கப்புறம் எந்த வரனுக்கும் அவள் சம்மதிக்கவில்லை.

சில மாதம் கழித்து அந்த அம்மா, மருமகளாக வரப்போகிற பெண்ணோடு நகை எடுக்க வந்தார். அக்காவின் கழுத்தைக் காட்டி இதையே எடுங்கள் என்றார். அக்கா என் பக்கம் முதுகைத் திருப்பினாள். கழற்றிக் கொடுத்தேன். அவள் அதைத் துடைத்து, அந்தப் பெண்ணுக்குப் போட்டுக் காட்டி, கொக்கி முரடு என்பதையும் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. கழுத்து காலியாக இருக்கக் கூடாதென்று அதற்குள் மேலாளர் வேறொரு மாலையோடு வந்துவிட்டார்.

கல்யாணமானதும் நான் வேலையை விட்டேன். போன மாதம் மகளுக்குக் கம்மல் வாங்க அங்கே போனபோது கடை அடைக்கிற நேரம். அக்கா நரைத்திருந்தாள், கழுத்தில் எனக்குத் தெரியாத ஏதோ ஒரு மாலை. என்னைக் கண்டதும் நலம்கூட விசாரிக்கவில்லை, முதுகைத் திருப்பிக் குனிந்தாள். இந்தக் கொக்கி லேசாகத் திறந்துகொண்டது. பழக்கம் விட்டுப்போன என் விரல் அடியில் கிடந்த கயிற்றையும் சேர்த்து இழுத்தது.

"அத விடு மக்கா," என்றாள். "அது எனக்கதாக்கும்."