டெரிலின் சட்டையில் விழுந்த ஓட்டை

வேதாரண்யத்து உப்பள வேலையை விட்டுவிட்டுக் கடலோரமாக வடக்கே நடந்துகொண்டிருந்தேன். கரையில் ஒரு மீனவர் நைலான் கயிற்றின் முனையைத் தீயில் காட்டி உருக்கினார். அந்த நாற்றத்தில் எங்கள் பழைய கூரை வீடு எழுந்து நின்றது: பண்ணையார் மனை என்பதால் ஜன்னல் வைக்க அனுமதியில்லாத, மத்தியானத்திலும் இருட்டாக, உமியும் ஈரமண்ணும் மணக்கிற ஒற்றை அறை.

மனைப்பட்டா வாங்க அப்பாவைத் தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கென்று எடுத்த டெரிலின் சட்டையை, செம்பில் கங்கு போட்டு வேட்டி தேய்க்கிற பழக்கத்தில் அம்மா தேய்க்க, தோள்பட்டைத் துணி உருகிச் செம்போடு வந்துவிட்டது. சட்டையை வாசலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஓட்டை வழியே வெயில் உள்ளே விழுந்தது.

"வெளியிலயே கெடக்குறதாலதான் வெளிச்சம்னு பேரு வந்துச்சு போல. பட்டா வரட்டும், சுவத்துலயும் ஒரு ஓட்ட போட்டுடலாம்" என்றார் அப்பா.

"மொதல்ல இத மறைங்க" என்றாள் அம்மா.

மறைக்கத் துண்டுதான் இருந்தது. பண்ணையார் வீட்டைக் கடக்கையில் துண்டை இடுப்பில் கட்டுவது எங்கள் தெரு வழக்கம். அன்று அப்பா தோளில் போட்டபடியே கடந்தார். பண்ணையார் பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் பட்டாவோடு திரும்பியபோதும் துண்டு தோளில்தான் இருந்தது. மறுநாள் சட்டையில்லாமல் வயலுக்குப் போனபோதும் அங்கேயே இருந்தது. அந்த வாரமே ஜன்னல் வெட்டினார்.

"ஏன் நிக்கிறீங்க, வேல வேணுமா?" என்றார் மீனவர்.

மறுநாள் காலை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவரிடம் கயிறு ஒட்டும் வேலையில் சேர்ந்தேன்.