ஏர்போர்ட்காரன் விடவில்லை

பேட்டையில் ஆறு ஷட்டர் போட்ட பட்டறை என்னுடையது. ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்து இரும்புக் கேட் நான் செய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் ஏற்றும் கொட்டகைக்குக் கூரை போட்டவன் நான். படித்துறையில் நான் நட்ட கைப்பிடி, ஆறு பெருகி ஊருக்குள் வந்த வருஷமும் அசையவில்லை. தண்ணீர் வடிந்த மறுநாளே போய் ஆட்டிப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், சொல்லிக்கொள்ள ஓர் ஆள் கிடையாது, இவ்வளவும் செய்தேன். செய்த இடத்திலெல்லாம் என் பேர் இருக்கும். கோயிலுக்கு வாங்கிக் கொடுத்த குழல்விளக்கில் 'உபயம்' என்று எழுதிய என் பேர் வெளிச்சத்தை மறைக்கிறது என்றார் பூசாரி. எழுத்தைச் சிறிதாக்க நான் சம்மதிக்கவில்லை. செய்தவன் பேர் தெரிய வேண்டும், அதுதான் என் கட்சி.

பட்டறை ஆபீஸில் என் நாற்காலிக்குப் பின்னால், ஆணியில் ஒரு கறுப்பு ரெக்சின் கைப்பை தொங்குகிறது. ஜிப் துருவேறிவிட்டது. தூக்கிப் போடச் சொல்லி மகன் பலமுறை சொல்லிவிட்டான். அதற்குள் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது.

நானும் பாயும் வளைகுடாவில் ஒரே கம்பெனியில் வெல்டர்கள். பாய் மேலப்பாளையத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர். கை சுத்தமான வேலைக்காரர். இரும்போடு இரும்பை ஒட்ட அவர் போட்ட பற்றைத் தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரியாது. பேச்சு மட்டும் குறைவு. அதனால் பேசுகிற இடமெல்லாம் நான் பேசுவேன். இங்கிலீஷில் என் பேரை வரையத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அதட்டலாகப் பேசினால் எந்தப் பாஷையும் நடக்கும் என்பது என் எண்ணம். பாய் அதை அப்படியே நம்பினார்.

இரண்டு வருஷம் முடித்து, இனி ஊரிலேயே பட்டறை போடுவோம் என்று சேர்ந்து கிளம்பினோம். வழியில் வேறொரு நாட்டில் விமானம் மாற வேண்டும். காலை ஏழு மணிக்கு இறங்கினால் மறு விமானம் இரவு ஒன்பதுக்கு. அந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான், அங்கே வேலைக்குப் போன பாயின் தம்பி மஞ்சள் காமாலையோடு கிடந்தான். விமான நிலையத்திலிருந்து டாக்சியில் அரைமணி. நெடுநேரம் காத்திருப்பவர்களுக்கு வெளியே போய்வர ஒரு நாள் அனுமதி உண்டு என்று கம்பெனியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தம்பிக்காக ஒரு புதுச் சாரம், கட்டிக்கொள்ளும் லுங்கி, வாங்கி, அதைப் பெட்டியில்கூட வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார் பாய். "நீரு பேசாம இங்கன இரும் வே, நான் பாத்துக்கிடுதேன்" என்று இரண்டு பாஸ்போர்ட்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு கவுண்டருக்குப் போனேன்.

அங்கே இருந்தவன் முகம் சுளிக்கவில்லை. ஒரு காகிதத்தை நீட்டி, நிரப்பிக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினான். பாதி இங்கிலீஷ், பாதி அரபி. தலைகீழாகப் பிடித்திருந்தாலும் எனக்கு ஒன்றுதான். அதுவரை எனக்கு வேண்டிய படிவங்களை வேறு யாராவது, பாய் பார்க்காத இடத்தில், நிரப்பித் தந்திருக்கிறார்கள். அன்று பக்கத்தில் நம்மூர் முகம் ஒன்றும் இல்லை. ஓரமாக ஒரு தூணுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு காகிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"விட மாட்டேங்கான் பாய்" என்றேன்.

பாய் என்னையே பார்த்தார். "ஒங்களால முடியலேன்னா வேற யாரால முடியும் அண்ணாச்சி" என்றார்.

பாய் கொஞ்சம் அரபி வாசிப்பார். அந்தக் காகிதத்தைக் காட்டியிருந்தால் அவரே எழுதியிருப்பார். நான் காட்டவில்லை. பகல் முழுக்க அவர் கண்ணாடிச் சுவர் ஓரம் நின்று வெளியே டாக்சிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் ஏதோ வெள்ளைக் கட்டடம் தெரிந்தது. "அதுவாத்தான் இருக்கும், என்ன அண்ணாச்சி?" என்றார். அதுவாகத்தான் இருக்கும் என்றேன். ஏசி குளிரில் நான் பெஞ்சில் சுருண்டு, தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன். என் மேல் ஏதோ விழுந்தது. தம்பிக்கு வாங்கிய சாரம். புதுத்துணிக் கஞ்சி வாசனை. மெதுவாக இழுத்துக் காலையும் மூடிவிட்டார்.

ஊர் வந்த ஒன்பதாம் நாள் தம்பி போய்விட்டான். அங்கேயே அடக்கினார்கள்.

பட்டறையில் பாய் கடைசிவரை என்னோடு இருந்தார். இந்தச் சம்பவத்தை யார் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்: "அண்ணாச்சி எவ்வளவோ போராடிப் பாத்தாங்க, ஏர்போர்ட்காரன் விடல." அவர் ஊர் மையவாடிக்கு, அடக்கம் செய்கிற இடத்துக்கு, நாங்கள் ஒரு கேட் செய்து கொடுத்தோம். பற்று முழுக்க அவர் வைத்தது. ஆனால் அதில் 'உபயம்' என்று என் பேரை மட்டும் எழுதினார். நான் கேட்காமல் என் பேர் ஏறிய இடம் அது ஒன்றுதான். இரண்டு வருஷம் முன்பு அந்தக் கேட்டு வழியாகத்தான் அவரையும் தூக்கிப் போனார்கள். துக்கத்துக்கு வந்தவர்களிடம் அவர் மகன் என்னைக் காட்டி, அதே கதையை அதே வார்த்தையில் சொன்னான். நான் தலையை ஆட்டினேன்.

போன மாதம், வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, அதே ஊரில் பதினோரு மணி நேரம் உட்கார நேர்ந்தது. கட்டடம் மாறிவிட்டது, கண்ணாடிச் சுவர் இருக்கிறது. ஊரிலிருந்து போனில் வீட்டுக்காரி, "எழுபத்தோரு வயசுல ஊர் சுத்தவா போனீய? ஒரு இடத்துல இருங்க" என்றாள். இருந்தேன். முழங்கால் வலியைச் சொல்லிப் பார்த்தேன், விமானம் தவறும் என்றும் சொல்லிப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் எனக்கு நானே சாக்குச் சொன்னேன். அன்று காலை மூடிய சாரத்தின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. எழுந்து கவுண்டருக்குப் போனேன். ஒரு மலையாளத்துப் பெண். "எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதும்மா, நீயே எழுதிரு" என்றேன்.

"அதுக்கென்ன அங்கிள், தாங்க" என்றாள். இரண்டு நிமிஷம் ஆகவில்லை.

டாக்சி பிடித்துத் தம்பியை அடக்கிய இடத்துக்குப் போனேன். ஊருக்கு வெளியே, மணலில், மதில் கட்டிய பெரிய மையவாடி. காவல்காரர் வருஷத்தைக் கேட்டார். சொன்னேன். ஒரு பக்கம் முழுக்கக் கையை வீசிக் காட்டினார். முழங்கால் உயரம்கூட இல்லாத கற்கள், வரிசை வரிசையாக. எதிலும் பேர் கிடையாது. ஒரு கல் நான் வைத்துத் தருகிறேன், பேர் போட்டு, என்று சைகையால் கேட்டேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். எந்தக் கல் என்று தெரியாமல் எல்லாக் கல்லுக்கும் முன்னால் நின்றேன். திரும்பி வந்தபோது விமானத்துக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அன்று எங்களுக்குப் பதினாலு மணி நேரம் இருந்தது. இந்த நாலு மணி நேரம்தான் என்னைக் கொன்றது.

நேற்று கைப்பையை ஆணியிலிருந்து எடுத்து, ஜிப்பைக் கத்தியால் அறுத்துத் திறந்தேன். காகிதம் மடிப்பில் கிழிந்திருக்கிறது. கோடு போட்ட இடமெல்லாம் காலி. நான் எழுதிய இதோடு சேர்த்து அதையும் பாயின் மகனிடம் கொடுக்கப் போகிறேன். மையவாடிக் கேட்டில் என் பேரைச் சுரண்டிவிட்டு அவன் வாப்பா பேரை எழுதட்டும். அது அவர் கைவேலை. ஆனால் ஏர்போர்ட்காரன் விடவில்லை என்று இனி ஒருவரும் சொல்லக்கூடாது. அந்த மனிதன் முகம் சுளிக்காமல் காகிதம் கொடுத்தான். விடாதவன் நான். இத்தனை இடத்தில் என் பேரைப் போட்ட ஊர், இந்த இடத்திலும் போட வேண்டும். எழுத்தைச் சிறிதாக்கக் கூடாது.